ஆறாவது குடம்

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில்
அந்தக் கோடையில் வீட்டுக்கு ஆறு குடம்.
லாரி ஹார்ன் கேட்டால்
ஆளுக்கு முன்னால் குடம் ஓடும்.
மரியசெல்வம் வீட்டின் ஆறாவது குடம்
மரியசெல்வத்துக்கு மட்டும்.
காய்ச்சி ஆற்றப் பொறுக்காது,
சொம்பு சொம்பாக, நடுராத்திரியிலும்.
அமலி தண்ணீரை விற்கிறாள் என்று
மூன்றாம் மாடியில் ஒருத்தி கிளப்பிவிட்டாள்.
குழாயடியில் முடியைப் பிடித்துக்கொண்டதுவரை போயிற்று.

முதல் கிளினிக்கில் சர்க்கரை என்றார்கள்.
மூன்று தரம் குத்தியும் சர்க்கரை ஏறவில்லை.
அடுத்த இடத்தில்: "பழக்கம்ப்பா, குறைச்சுக்கோ."
இன்னொரு இடத்தில் ஸ்கேன்.
கிட்னி ரெண்டும் லட்சணமா இருக்கு, போங்க.
பிறகு ஜி.எச்.
இரண்டு பாட்டிலோடு படியேறினார்,
வார்டு வாசலில் ஒன்று காலி.

எங்கள் பரிசோதனை எளிது:
தண்ணீர் தராமல் பார்ப்பது.
ஊருக்கே அப்போது நடந்துகொண்டிருந்ததுதான்.

காலை ஆறு மணி. எடை அறுபத்தொன்று.
காவலுக்கு நான்.
பக்கத்துக் கட்டில் பிளாஸ்க்கை அப்புறப்படுத்தினேன்,
எதுவும் வராத குழாயையும் இறுக்கி மூடினேன்.
மணிக்கொரு தரம் அளவுக்குடுவை.
ஏழுக்கு நானூறு மில்லி. எட்டுக்கு நானூற்றிருபது.
நிறமே இல்லை,
குடுவைக்குப் பின்னால் ஜன்னல் கம்பியை எண்ணலாம்.
உதடு வெடித்துக்கொண்டிருந்த ஆளின் உடம்பிலிருந்து
அப்படி ஒரு தாராளம்.

ஒன்பதுக்கு ஆளைக் காணோம்.
வராந்தாவில் ஏ.சி. சொட்டும் பெயிண்ட் வாளி,
முன்னால் மண்டியிட்டு, கை குவித்து.
"வாய்தான் கொப்பளிச்சேன் டாக்டர்."
தொண்டை ஏறி இறங்கியதை இரண்டு பேருமே பார்த்தோம்.
சார்ட்டில் அதையும் எழுதியிருக்க வேண்டும்.
அந்தக் கட்டம் இன்னும் காலி.

பத்தே முக்காலுக்கு எடை ஐம்பத்தொன்பது.
நிறுத்தினோம். மூக்கில் மருந்து தெளித்தோம்:
போதும், தேக்கு என்று மூளை அனுப்பும் சேதியின் நகல்.
கிட்னி அதைப் பிரிக்கவே இல்லை.
ஆக, கோளாறு அங்கேதான். ஏன்?
கால்சியம் சரி. பொட்டாசியம் சரி.
"மாத்திரை ஏதாவது?"
"ஒண்ணுமில்ல"
என்றார், அமலியைப் பார்த்து.

கேட்டவள் நான்.

அவளை இளநீர் வாங்க அனுப்பினேன்.
இரண்டாவது பாட்டில் பாதியில் இருந்தபோது
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"கீழ்ப்பாக்கத்துல ஒரு மாத்திரை தராங்க.
பதினாறு வருசமா."
கீழ்ப்பாக்கம் என்றால் எது என்று
இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
கல்யாணம் ஆகிப் பதினான்கு வருடம்.
டிபன் பாக்ஸில் ஊறுகாய் வைக்கும் குட்டிக் கிண்ணம்,
அதற்குள்தான் இத்தனை காலமும்.

லித்தியம்.
நான்கு இடத்திலும் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்,
நானும்தான்,
நான்கு இடத்திலும் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

நிறுத்தினால் தாகம் குறையலாம் என்றேன்.
குறையாமலும் போகலாம், இத்தனை வருடமாகிவிட்டது.
"நிறுத்துனா அது வந்துடும் டாக்டர்.
ஒருதரம் ராத்திரி மூணு மணிக்கு
ஹார்பர் எனக்குச் சொந்தம்னு கேட்டை உடைக்கப் போனேன்.
தாகம் பரவால்ல."

கீழ்ப்பாக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
மற்றவர்களுக்கு நீரைப் பிரிக்கும் மாத்திரை,
இவருக்கு அதுவே கொஞ்சம் தேக்கும்:
அதையும் எழுதினேன்.
ஏன் அப்படி என்று ஹவுஸ் சர்ஜன் கேட்டான்.
வரைந்து காட்டினேன், எனக்கே பாதிதான் புரிந்தது.

அமலி வந்தாள், இளநீரின் வாயைப் பொத்திக்கொண்டு,
சேலை முன்பக்கம் நனைந்து.
"என்னவாம் டாக்டர்?"
கிட்னிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றேன்.
தலையாட்டினாள். கணக்குப் போட்டாள்.
"அப்ப இனிமே அஞ்சு குடம் போதுமா?"

நான் அவரைப் பார்த்தேன்.
அவர் பாட்டிலைத் தலைகீழாகத் தூக்கி
அடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டு
இறங்கி வரட்டும் என்று
வாயைத் திறந்து வைத்திருந்தார்.